வாப்பாவின் லிதியம்

எங்கள் பகுதியில் கலியாண வீட்டுக்குப் போகிற பெண் மூன்று கேள்விகளுக்குப் பதில் தயார் செய்துகொண்டு போக வேண்டும். உன் மாப்பிள்ளை வரவில்லையா, ஏன் இப்படி மெலிந்து போனாய், இப்போது என்ன படிக்கிறாய். முதல் இரண்டையும் எப்படியும் சமாளித்துவிடுவேன். மூன்றாவதில்தான் மாட்டுப்படுவேன்.

"கிழட்டு நட்சத்திரங்கள்ல லிதியம் ஏன் கூடுது எண்டு பார்க்கிறன்" என்பேன்.

கேட்டவர் வாயிலிருந்த வட்டிலப்பத்தை விழுங்கிவிட்டு அடுத்ததைக் கேட்பார். "லிதியம் எண்டா போன் பெட்டரில இரிக்கிறதாகா?"

"ஓம்."

"அத அங்கிரிந்து எடுத்து வாரதுக்கா?"

"இல்ல. ஏன் இரிக்கி எண்டு பார்க்கத்தான்."

"பார்த்து?"

இந்தப் 'பார்த்து?'வுக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. எனக்கு எரிச்சல் வரும். பாயாசத்தை எடுத்துக்கொண்டு வேறு கதிரைக்குப் போய்விடுவேன்.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் எனக்கு 'நட்சத்திரம் பார்க்கிற டீச்சர்' என்று பெயர். நான் ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் மொட்டை மாடியே இல்லை. நான் இஷாத் தொழுதுவிட்டுப் படுத்துவிடுகிற ஆள். என் நட்சத்திரங்களை எல்லாம் பகலில்தான் பார்க்கிறேன். பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பித்துவிட்டு வந்து, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு லேப்டொப்பைத் திறப்பேன். வெளிநாட்டுத் தொலைநோக்கிகள் எடுத்து எல்லோருக்குமாகப் போட்டு வைத்திருக்கும் ஒளிப்பதிவுகளை ஒவ்வொன்றாக இறக்குவேன். கண்டிப் பக்கத்தில் ஒரு பேராசிரியை எனக்கு மேற்பார்வையாளர். முதுதத்துவமாணி (எம்.பில்.) பட்டத்துக்கு நான் பதிவு செய்த வருஷத்தை இங்கே சொல்ல மாட்டேன், வெட்கமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். லிதியம் சூடு தாங்காத சாமான். நட்சத்திரத்துக்குள்ளே இருக்கிற சூட்டில் மிகக் குறைந்த சூடே அதை அழிக்கப் போதும். நட்சத்திரத்தின் குளிர்ந்த மேல்தோலில் மட்டும் கொஞ்சம் தப்பிக் கிடக்கும். வயதுபோய் நட்சத்திரம் ஊதிப் பெருத்துச் சிவப்பு இராட்சதனாகும்போது, மேலே இருப்பது உள்ளேயும் உள்ளே இருப்பது மேலேயும் புரண்டு கலக்கும். அத்தோடு அந்தக் கொஞ்ச லிதியமும் கதை முடிந்தது. அதனால் கிழட்டு இராட்சதனில் லிதியம் இருக்கவே கூடாது. ஆனால் ஏறக்குறைய நூறில் ஒன்றில் இருக்கிறது. சிலவற்றில் அது பிறந்தபோது இருந்ததைவிடவும் கூட இருக்கிறது. ஏன் என்று ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது.

காரணம் சொல்கிறவர்கள் மூன்று கட்சி. ஒரு கட்சி, நட்சத்திரம் ஊதும்போது பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த கோள் ஒன்றை விழுங்கிவிட்டது, அந்தக் கோளின் லிதியம்தான் மேலே தெரிகிறது என்கிறது. இன்னொரு கட்சி, கூட இருந்த நட்சத்திரம் ஊற்றிவிட்டது என்கிறது. மூன்றாம் கட்சி, நட்சத்திரம் தானே உள்ளே உண்டாக்கி, அது எரிந்துபோக முதல் அவசரமாக மேலே அனுப்பிவிடுகிறது என்கிறது. நான் முதலாம் கட்சி. கோளை விழுங்குகிற கதையில் ஒரு விறுவிறுப்பு இருந்தது. என் பட்டியலில் பதினேழாம் நம்பர் நட்சத்திரத்தில் லிதியம் கண்டபடி கிடந்தது. அது ஒரு கோளை விழுங்கிவிட்டது என்று என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் முழுவதும் எழுதி வைத்திருந்தேன்.

இந்த வேலையில் எனக்குக் கூட்டு, என்னைப் பெற்ற வாப்பா.

எங்கள் ஊர்களில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். பெண் பிள்ளை பெற்றவர் வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும். வாப்பா மூத்த மகளான என் ராத்தாவுக்குப் பக்கத்து வளவில் ஒரு வீடு கட்டினார். நாங்கள் இருந்த வீட்டை எனக்கு எழுதினார். எனக்குக் கலியாணமாகி என் கணவர் இங்கே வந்து சேர்ந்தார், கல்முனையில் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறார். உம்மா மௌத்தாகி அடக்கம் செய்து மூன்று வருஷம். அதன் பிறகு வீட்டில் நான், என் கணவர், வாப்பா, ஆக மூன்று பேர்.

வாப்பா வட்டவிதானையாக இருந்தவர். வயல் பக்கம் எந்தக் கண்டத்துக்கு எந்த நேரம் வாய்க்கால் தண்ணீர் திறப்பது என்று தீர்மானிக்கிற வேலை. முழங்கால் இடம் கொடுக்காததால் அதை விட்டுவிட்டார். அசருக்குப் பிறகு என் மேசைக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்காருவார். நான் அச்செடுத்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நட்சத்திரத்தின் நம்பரையும் அளவையும் உரத்து வாசிப்பார். நான் தட்டச்சு செய்வேன். "பதினொண்டு, ஒண்டுமில்ல. பன்ரெண்டு, ஒண்டுமில்ல. பதின்மூண்டு, கொஞ்சம்." வாய்க்காலில் தண்ணீர் முறை அறிவிக்கிற அதே குரல். லிதியம் கிடைக்காத நட்சத்திரங்களை விவசாயிகள் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, அவற்றுக்காக மெய்யாகவே கவலைப்படுவார்.

பதினேழாம் நம்பர் கோளை விழுங்கிய கதையைச் சொன்ன அன்று அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வயசிலயா முழுங்கின?"

"ஓம் வாப்பா."

"செமிக்குமா?"

"செமிச்சிட்டு. அதுதான் லிதியம் தெரியுது."

"அந்தக் கோள்ல ஆரும் இருந்திருப்பாங்களா?"

"தெரியா வாப்பா. அடுத்த நம்பரச் செல்லுங்க."

"பாவம்" என்றார். அது கோளுக்கா, நட்சத்திரத்துக்கா என்று எனக்கு விளங்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாப்பாவில்தான் ஒரு நாள் மாற்றம் தெரிந்தது. முதலில் முட்டை. மருதமுனைக்குப் போய்வந்தேன் என்று பத்து முட்டை கொண்டுவந்தார். எங்கள் தெருவில் மட்டும் முட்டை விற்கிற கடை நாலு இருக்கிறது. மருதமுனைக்குக் கல்முனையைத் தாண்டிப் போக வேண்டும். இரண்டு நாள் கழித்து இன்னும் பத்து. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். முட்டைப் பொரியல், முட்டைக் குழம்பு, முட்டை றொட்டி என்று போய், கடைசியில் என் கணவர் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கறிக் கோப்பையைத் திறக்காமலேயே பெருமூச்சு விடத் தொடங்கினார்.

பிறகு தாடிக்கு மருதோன்றி ஏறியது. சாரன் புதிது. அத்தர் வாசம் அவர் வருவதற்கு முன்பே வீட்டுக்குள் வந்தது. முழங்கால் வலி என்று மூலையில் சாத்தியிருந்த சைக்கிளுக்கு எண்ணெய் போட்டார். ஒரு நாள் பின்னேரம் நான் நட்சத்திர நம்பர் கேட்டுக்கொண்டிருக்க, இவர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, இருபத்திரெண்டு?"

"எத்தின முட்டை எண்டு செல்லு" என்றார். பிறகு சுதாகரித்துக்கொண்டு, "இருபத்திரெண்டு, ஒண்டுமில்ல" என்றார்.

ராத்தா விசாரணைக்கு வந்தாள். எனக்கு ஆறு வயது மூத்தவள், எதையும் நின்றபடி கேட்கிறவள். அவள் கட்சி, யாரோ தேத்தண்ணியில் எதையோ கலந்து கொடுத்துவிட்டார்கள். என் கணவர் கட்சி, சீனி வருத்தத்துக்குக் கொடுக்கிற புதுக் குளிசை சிலருக்கு இப்படித்தான் உற்சாகம் கொடுக்கும். என் கட்சி, தேர்தல். யாரோ ஒரு வேட்பாளர் வாப்பாவைப் பிடித்துப் பிரசாரத்துக்கு அனுப்புகிறார், அதுதான் தாடியும் அத்தரும் வீடு வீடாகப் போவதும். முட்டை வாக்காளர்களுக்கு வாங்கியதில் மிச்சம். இதை நான் மிகவும் தெளிவாக விளக்கினேன். மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னோம். மூன்றும் வெளியிலிருந்து வந்த காரணம். வாப்பா தானாக எதையாவது செய்யக்கூடிய ஆள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ராத்தா என் கணவரை உளவுக்கு அனுப்பினாள். அவர் கடையை அரை நாள் பூட்டிவிட்டு மருதமுனைக்குப் போனார். மத்தியானம் ழுஹர் தொழுகைக்கு முந்தித் திரும்பி வந்தார். கையில் ஒரு தட்டு முட்டை. முப்பது.

"என்ன நடந்த?" என்றேன்.

"மாமா கோழிக் கூட்டுக்குள்ள நிண்டு தண்ணி வெக்கிறார்."

"ஆர்ட கூடு?"

"ஒரு டீச்சர்ட. றிட்டயராகின டீச்சர். கடல் வந்த வருசம், சுனாமில புருசன் மௌத்தாம். பிள்ளைகள் இல்ல. கோழி வளர்க்கிறாங்க."

"நீங்க என்ன செஞ்ச?"

"மாமா என்னக் கண்டுட்டார். நானும் அவரக் கண்டுட்டன். வெக்கத்துல ஒரு தட்டு வாங்கிட்டன்."

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு, சாப்பாட்டில் எல்லோரும் இருக்க, வாப்பாவே கதையைத் தொடங்கினார். "ரெண்டு பேருக்கிட்டயும் ஒண்டு செல்லணும்" என்றார். அவர் சொல்ல முதலே ராத்தா அழத் தொடங்கிவிட்டாள். அவர் அவள் அழுது முடியும்வரை பொறுத்திருந்தார்.

"நிக்காஹ் ஒண்டு செய்யலாம் எண்டு யோசிக்கிறன். நீங்க ரெண்டு பேரும் ஓம் எண்டாத்தான். இல்லாட்டி இல்ல, கதை முடிஞ்சி."

மார்க்கப்படி இன்னொரு கலியாணத்துக்கு அவர் எங்களிடம் கேட்கத் தேவையே இல்லை. ஒரு நாள் போய்ச் செய்துவிட்டு வந்து சொல்லியிருந்தால் நாங்கள் ஒரு மாதம் கத்திவிட்டு அடங்கியிருப்போம். ஆனால் அவர் கேட்டுவிட்டார். கேட்டதால் அது எங்கள் கையில் வந்து விழுந்தது.

மூன்று கிழமை நடந்தது வழக்கு. ராத்தா தினமும் ஒரு கேள்வியோடு வந்தாள். "உம்மாட அலுமாரில அவ சாரி அடுக்குவாவாமா?" "உம்மாட அம்மில அவ அரைப்பாவாமா?" உம்மா அந்த அம்மியைத் தொட்டுப் பத்து வருஷமாகியிருந்தது, மிக்சி வந்த அன்று அதைப் பின் வளவில் போட்டதே உம்மாதான். இருந்தாலும் ராத்தா போய் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

நான் குறைந்தவளா? நான் அளவு நாடாவை எடுத்தேன். அந்த டீச்சர் வந்தால் எந்த அறை, என் மேசை எங்கே போகும், கோழிக் கூட்டை வளவில் எங்கே வைப்பது, கோழி கத்தினால் நான் எப்படி அளவெடுப்பது என்று ஒரு படம் கீறினேன். விகிதப்படி, சென்ரிமீற்றரில். கூட்டை ராத்தாவின் வேலியோரம் போட்டிருந்தேன், அதற்கு அவள் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

இவ்வளவுக்கும் என் கணவர் இடையில் எதையோ சொல்ல வருவார். "இல்ல, நான் என்ன செல்றன் எண்டா..." என்பார். "நீங்க சும்மா இருங்க, இது எங்கட குடும்பக் கதை" என்று நானும் ராத்தாவும் ஒரே குரலில் சொல்வோம். அவர் எழும்பிப் போய் மருந்துச் சிட்டைகளைப் பார்ப்பார்.

கடைசியில் ஒரு நாள் ராத்தா, "நாங்க பிறந்து வளந்த குசினிக்குள்ள இன்னொரு பொம்புள காலடி எடுத்து வெக்க ஏலா" என்று தீர்ப்புப் போல் சொன்னாள். நான் படத்தைக் காட்டி, இடமும் இல்லை என்றேன்.

வாப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

"ஆரு இஞ்ச வாரது?"

"அவதான்."

"அவ ஏன் இஞ்ச வாரா? அவக்கு வீடு இரிக்கி. நான்தானே போறது."

என் கணவர் சிட்டைகளிலிருந்து தலையைத் தூக்காமல், "அதத்தான் நான் மூணு கிழமையாச் செல்ல வாறன்" என்றார்.

ஊர் முழுக்க மாப்பிள்ளைமார் பெண் வீட்டுக்குப் போகிறார்கள். எங்கள் இரண்டு பேரின் மாப்பிள்ளைமாரும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஆனால் வாப்பாவையும் ஒரு மாப்பிள்ளையாக நினைத்துப் பார்க்க எங்களுக்கு வரவில்லை. அவர் வீட்டோடு சேர்ந்த ஆள், வீடு எங்கேயும் போகாது, ஆகவே வருகிறவள்தான் வர வேண்டும். இரண்டு படித்த பெண்கள் மூன்று கிழமை இந்தக் கணக்கில் சண்டை பிடித்தோம்.

ராத்தா கண்ணைத் துடைத்தாள். "அப்ப சரி. எப்ப நிக்காஹ்?" என்றாள். அவளுடைய வழக்கு முழுவதும் அலுமாரியும் குசினியும்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐந்து நிமிஷத்தில் அவள் மஸ்கற் இனிப்பு எத்தனை தட்டு என்று கதைக்கத் தொடங்கிவிட்டாள். வாப்பா என்னைப் பார்த்தார்.

"இந்த நாலாம் அத்தியாயம் முடியட்டும் வாப்பா. பொறகு கதைப்பம்" என்றேன்.

இதைவிடக் கேவலமான பதில் ஒன்றை நான் வாழ்நாளில் சொன்னதில்லை. அந்த டீச்சர் வந்தால் மேசையை எங்கே வைப்பது என்று சண்டை போட்டபோது எனக்கு இடமில்லாத கவலை. அவர்தான் போகிறார் என்றதும் வீடு தேவைக்கு மேல் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு வாப்பா வேண்டும், அவ்வளவுதான். விடியச் சுபஹுத் தொழ எழும்பித் தேத்தண்ணி போட்டு மூடி வைக்கிற வாப்பா, 'ஒண்டுமில்ல' என்று கவலையோடு வாசிக்கிற வாப்பா. அதை வாய் திறந்து சொல்லியிருந்தால் அவர் அந்த நிமிஷமே போகிற எண்ணத்தை விட்டிருப்பார். அதனால் அத்தியாயம் என்றேன்.

வாப்பா காத்திருந்தார். பதில் வராமல் அங்கே போவது சரியில்லை என்று மருதமுனைப் பயணத்தை நிறுத்தினார். முட்டை நின்றது. என் கணவர் முதல் இரண்டு நாள் சந்தோஷப்பட்டார், மூன்றாம் நாள் அவரே கடையில் நாலு முட்டை வாங்கிக்கொண்டு வந்து குசினியில் வைத்தார். அத்தர் போத்தல் யன்னலோரம் நின்றது. தாடியில் மருதோன்றி வளர்ந்து கீழே இறங்க, மேலே வெள்ளை தெரிந்தது. அசருக்குப் பிறகு வழமைபோல் வந்து உட்கார்ந்து நம்பர் வாசித்தார். "எத்தினாம் பக்கம் வந்திருக்கி?" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், அது எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் மேற்பார்வையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நாலாம் அத்தியாயம் பிழை.

ஒரே நிறத்தில், ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் இரண்டு வகைச் சிவப்பு இராட்சதர்கள் உண்டு. ஒன்று இன்னும் ஊதிக்கொண்டு மேலே ஏறுகிற வகை. மற்றது ஏறி முடிந்து, உச்சியில் உள்ளே ஈலியம் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ள, அதன் பிறகு சுருங்கி இறங்கி அமைதியாக எரிகிற வகை. அந்தப் பற்றல் எவ்வளவு பெரிதானாலும் வெளியே ஒன்றும் தெரியாது. வெளியே பார்த்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம். ஆனால் நட்சத்திரம் மெல்ல நடுங்கும். அந்த நடுக்கத்தை விண்வெளித் தொலைநோக்கியில் அளந்தால் உள்ளே என்ன எரிகிறது என்று சொல்லலாம். பதினேழாம் நம்பரின் நடுக்கத்தை யாரோ அளந்திருக்கிறார்கள். அது இறங்கி அமைந்த வகை. ஊதும்போது கோளை விழுங்கிய கதையில் வருகிற ஆளே அது இல்லை. லிதியம் நிறைந்தவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான் என்று இப்போது தெரிய வருகிறது, அந்தப் பற்றலின்போதோ பிறகோ நட்சத்திரமே லிதியத்தை உண்டாக்கியிருக்கலாம், தயவுசெய்து மாற்றி எழுதவும் என்று பேராசிரியை எழுதியிருந்தார்.

நான் லேப்டொப்பை அடித்து மூடினேன். வாப்பா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"என்ன மகள்?"

சொன்னேன். பாதி ஏச்சும் பாதி விளக்கமுமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப பதினேழு ஒருத்தரையும் முழுங்கல்லயா?"

"இல்ல."

"ஆரும் ஊத்தவுமில்ல?"

"இல்லப் போல. தானாத்தான் வந்திருக்கி."

"நல்லம்" என்றார். அட்டவணையை எடுத்து இருபத்தெட்டிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

உள்ளே சேட் அயன் பண்ணிக்கொண்டிருந்த என் கணவருக்கு இதெல்லாம் கேட்டிருக்கிறது. வாப்பா மஃரிப் தொழப் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு வந்தார். நட்சத்திரத்தையும் வாப்பாவையும் சேர்த்து எதையாவது சொல்லப் போகிறார் என்று நினைத்து, "மச்சான், நட்சத்திரம் வேற, மனிசன் வேற" என்று முந்திக்கொண்டேன்.

"நட்சத்திரம் எனக்கு என்ன தெரியும்" என்றார். "நான் இஞ்ச வந்த அண்டைக்கு என்ட உம்மா அழுதவ. தெரியுமா?"

"எப்ப?"

"என்னக் கூட்டிப்போக வேன் வந்த நேரம். கேட்டடில நிண்டு அழுதிரிக்கா. என்ட ராத்தாமார் அழல்ல. அவங்களுக்கு அங்கதானே வீடு. உம்மாதான். என்ட கட்டில்ல ஒரு மாசம் ஒருத்தரையும் படுக்க விடல்லயாம்."

எனக்குத் தெரியாது. பத்து வருஷத்தில் நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் ஒருவரையும் விட்டுப் போவதில்லை, ஒருவரை வழியனுப்பவும் பழகியதில்லை. நாங்கள் இருந்த இடத்தில் இருப்போம், வேறு யாராவது ஒரு தாய் தன் மகனை அனுப்பி வைப்பாள். நான் மாமியைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் எனக்குத்தான் முதல் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியிருக்கிறார். அதை நினைத்து நான் அழுதேன். என் கணவர் சேட்டைத் தொங்கவிட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

வாப்பா பள்ளியிலிருந்து வந்ததும், "மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு எத்தின மணிக்கி அங்க போகணும்?" என்று கேட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "அசரோட எண்டா நல்லம்" என்றார்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெண் வீட்டில் எப்படி இருப்பது என்று என் கணவர் வாப்பாவுக்குப் பாடம் எடுத்தார். இந்தப் பாடத்தில் மருமகன் ஆசிரியர், மாமனார் மாணவன்.

"மொத மாசம் கறியில உப்பு இல்லாட்டியும் கேக்காதீங்க மாமா. பக்கத்துல உப்பு இரிக்கா எண்டும் பார்க்காதீங்க. அதையும் காணுவாங்க."

"ஓம்."

"எந்தக் கதிரை ஆர்ட எண்டு தெரியிற வரைக்கும் நிண்டுகிட்டே இருங்க."

"ஓம்."

"ஒரு சாமானைத் தூக்கி மறு இடத்துல வெக்காதீங்க. நான் இஞ்ச வந்து ரெண்டாம் நாள் சீனிப் போத்தல மாத்தி வெச்சன். இன்னும் செல்லிக்காட்டுறாங்க."

நான் சொல்லிக்காட்டுவது உண்மைதான். அவர் அதைப் பத்து வருஷமாக மனதில் வைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வாப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்போது அவர் முகத்தில் ஒரு பயத்தைக் கண்டேன். இந்த வயதில் புதிதாக ஒரு வீட்டுக்குப் போய் யார் கதிரை எது என்று பழக வேண்டும். அவ்வளவு பயத்தோடும் போக விரும்புகிறார் என்றால் எவ்வளவு விருப்பம் இருக்க வேண்டும்.

ஒரு வேனில் போனோம். மாப்பிள்ளை வீட்டார் என்றால் நான், ராத்தா, எங்கள் மாப்பிள்ளைமார் இரண்டு பேர். வாப்பா வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சேட்டும். தாடிக்கு நான்தான் புதிதாக மருதோன்றி பூசிவிட்டேன். கை தவறி ஒரு காதிலும் கொஞ்சம் பட்டுவிட்டது. மருதமுனையில் சின்ன வீடு, சுத்தமான வளவு, பின்னால் கோழிகளின் சத்தம். மாப்பிள்ளை வந்தால் பெண்ணின் தம்பி வாசலில் கால் கழுவி உள்ளே எடுப்பது வழக்கம். தம்பிக்கு அறுபது இருக்கும். குனிந்து தண்ணீர் ஊற்றினார், பிறகு எழும்ப முடியவில்லை. அவருக்கும் முழங்கால். கால் கழுவப்பட்ட மாப்பிள்ளை ஈரக்காலோடு குனிந்து அவரைத் தூக்கிவிட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

நிக்காஹ் முடிந்தது. அந்த டீச்சரை அன்றுதான் நான் முதல் முறையாகப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, கனத்த கண்ணாடி. என் கையைப் பிடித்து, "லிதியம் தானா உண்டாகிறதாமே, உங்கட வாப்பா சென்னார்" என்றார். 'பார்த்து?' என்று கேட்கவில்லை. உள்ளே உண்டாகிற பேரிலியம் எப்படி மேலே வந்து லிதியமாக மாறுகிறது என்று கேட்டார். ராத்தா மஸ்கற் தட்டோடு குறுக்கே வரும்வரை விளக்கிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் இறங்க முதல் புறப்பட வேண்டும் என்று ராத்தா எழும்பினாள். நாங்களும் எழும்பினோம். சலாம் சொல்லி, "நாங்க போயிட்டு வாறம்" என்று எல்லோரிடமும் விடைபெற்று வாசலுக்கு வந்தோம்.

வாப்பாவும் எழும்பி வந்தார். படியில் எங்கள் செருப்புகளுக்கு நடுவே தன்னுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டார். எங்களுக்கு முன்னால் நடந்து போய் வேன் கதவைத் திறந்து, நான் முதலில் ஏறட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே போனாலும் அவர் அப்படித்தான் நிற்பார்.

வீட்டு வாசலில் அந்த டீச்சர் கையில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். ராத்தா நிலத்தைப் பார்த்தாள். எங்கள் மாப்பிள்ளைமார் இரண்டு பேரும் வேனருகே ஒதுங்கி நின்றார்கள், அவர்களுக்கு இது தெரிந்த இடம். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"வாப்பா" என்றேன். "நீங்க எங்க வாறீங்க?"

அவர் கதவைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்து போனது. சிரிக்கத் தொடங்கினார், எல்லோரும் சிரித்தார்கள், வாசலில் அந்த டீச்சர் தட்டு ஆட ஆடச் சிரித்தார்.

"நீங்க இருங்க வாப்பா. நாங்க போறம்."

"ஓம் ஓம்" என்றார். திரும்பிப் போய்ப் படியில் செருப்பைக் கழற்றினார். நான் வேனில் ஏறிக் கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.